ஈனிட் மம்ஃபோர்ட்: ஒரு பேராசிரியருக்கு உலக வலையமைப்பு எதற்கு?

கரிசல்காட்டான்

வணக்கம். மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அலுவலகங்களில் கணினி அமைப்பு நுழையும்போது வேலை எப்படி மாறுகிறது என்பதுதான் தலைப்பு. என் நெறியாளர் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்கிறார்: "சர்வதேசக் குழுக்களில் சேருங்கள், மாநாட்டுக்குப் போங்கள், நாலு பேரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்." விடுதி அறை நண்பனோ, இதெல்லாம் பயோடேட்டாவை நிரப்புகிற வேலை என்கிறான்.

இந்த யோசனையில் இருந்தபோதுதான் ஈனிட் மம்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் பேராசிரியை பற்றிப் படித்தேன். என் தலைப்பையே அவரும் ஆராய்ந்தவர். 1924-இல் இங்கிலாந்தில் மெர்சி ஆற்றங்கரை ஊரான வாலசியில் பிறந்தவர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படித்து 1946-இல் பட்டம் வாங்கினார். அதன் பிறகு விமானத் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் மேலாளர், அலாரக் கடிகாரத் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர் என்று வேலை பார்த்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு வந்தபோது, அவர்கள் சாப்பிடும் கேன்டீன்களில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு கேன்டீனும் துறைமுகத்தின் ஒவ்வொரு பகுதியில் இருந்ததால், வெவ்வேறு கப்பல், வெவ்வேறு சரக்கு பார்க்கும் ஆட்கள் பேசுவதைக் கேட்க முடிந்தது. அடுத்த ஆய்வு நிலக்கரிச் சுரங்கத்தில். மாதக்கணக்கில் கீழே இறங்கி, கரி வெட்டும் முகப்பிலேயே ஆட்களோடு பேசியிருக்கிறார்.

பிறகு ஓராண்டு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கிருந்து திரும்பி, அப்போதுதான் தொடங்கியிருந்த மான்செஸ்டர் பிசினஸ் ஸ்கூல். கணினியும் வேலை வடிவமைப்பும் பற்றிய ஆய்வுப் பிரிவை அங்கே நடத்தினார். இன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது எதிக்ஸ் என்ற முறை. கணினி அமைப்பை அதைப் பயன்படுத்தப்போகும் குமாஸ்தாக்களும் செயலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து வடிவமைப்பது.

இதற்கு நடுவே அவர் வாழ்க்கைக் குறிப்பில் குழுக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. டாவிஸ்டாக் என்ற லண்டன் சமூக ஆய்வு நிலையத்து வட்டாரத் தொடர்பு, பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டியின் சமூக-தொழில்நுட்பக் குழு, ஐஃபிப் (கணினிச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) மாநாடுகள், ஐரோப்பிய வங்கிகளைப் பற்றிய கூட்டாய்வு. என் கேள்வி நேரானது. இந்தக் குழுக்கள் எதுவும் இல்லாமல் இருந்திருந்தாலும் அவர் இதே மம்ஃபோர்ட்தானா?

சந்தேகப்பிராணி

இதே மம்ஃபோர்ட்தான். விமான டிக்கெட் காசு மிச்சமாகியிருக்கும்.

கேன்டீனில் தட்டு எடுத்தவரை எந்தப் பணிக்குழு உருவாக்கியது? நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது தம்பி. சரக்கு முதலில், குழு அப்புறம். நம் ஊரில்தான் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தறிநாடா

சந்தேகப்பிராணி அவசரப்படுகிறார். மம்ஃபோர்ட் வேலை பார்த்த மரபு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வலையமைப்பின் கதை வேறு மாதிரி தெரியும். அதில் பாதி அகமதாபாத்தில் நடந்தது. எனக்கு மில் பழக்கம் உண்டு என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாவிஸ்டாக் நிலையம் லண்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கியது. அங்கிருந்த எரிக் டிரிஸ்ட்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் நிலக்கரிச் சுரங்கம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாம்ஃபோர்த் முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். பழைய முறையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்த சின்னக் குழு கரியை வெட்டி, அள்ளி, கூரைக்கு முட்டுக்கொடுப்பது வரை எல்லா வேலையையும் தானே செய்துகொண்டது. இயந்திரம் வந்த பிறகு வேலையைத் துண்டாக்கி ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு வேலை என்று ஆக்கினார்கள். ஒரு ஷிப்ட் ஆட்கள் குறை வைத்துவிட்டுப் போனால் அது அடுத்த ஷிப்ட் தலையில் விழும். இயந்திரம் நல்ல இயந்திரம்தான், ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. ஆளையும் இயந்திரத்தையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் வலுத்தது.

அதே நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அகமதாபாத் வந்தார். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் தானியங்கித் தறி போட்டிருந்தார்கள், ஆனால் போட்ட பணத்துக்குத் துணி வரவில்லை. ஏன் என்று பார்த்தால், ஒரே தறிக்கூடத்தில் பன்னிரண்டு விதமான வேலைக்காரர்கள். நெசவாளி, தறிக்கு ஊடைக் கண்டு (குறுக்கு நூல் சுற்றிய சிறு உருளை) நிரப்புபவர், மொத்தமாக அறுந்த பாவு நூலை (நீளவாட்டு நூல்) சரிசெய்பவர், பாவு ஏற்றுபவர், எண்ணெய் விடுபவர், துணி சுமப்பவர், கூட்டுபவர், ஈரப்பதம் பார்க்கும் ஃபிட்டர் என்று நீளும். ஒரு நெசவாளிக்குச் சுமார் 30 தறி. கண்டு நிரப்புபவருக்குச் சுமார் 50. பாவு சரிசெய்பவருக்குச் சுமார் 70.

இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கேயும் பொருந்தாது. ஒரு நெசவாளியின் 30 தறியில் பாதிக்கு ஒருவர் கண்டு நிரப்புவார், மீதிக்கு இன்னொருவர். தறி நின்றால் யாரைக் கூப்பிடுவது? வருகிறவர் அடுத்த நெசவாளியின் தறியில் நிற்பார். எல்லாரும் ஒரே கூடத்தில் வேலை செய்தார்கள், யாரும் யாரோடும் சேர்ந்து வேலை செய்யவில்லை. மில்லில் நின்றவனுக்கு இது சொல்லாமலே புரியும். பொறியாளர்கள் போட்ட வேலை அளவுக் கணக்கு தாளில் சரியாகத்தான் இருந்தது.

ரைஸ் சொன்னது சின்ன யோசனை. குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுதாகக் கொடுத்துவிடுங்கள், உள்ளே வேலையை அவர்கள் பிரித்துக்கொள்ளட்டும். மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் உடனே பிடித்துக்கொண்டு, யார் யாரோடு என்று தாங்களே குழு பிரித்துவிட்டார்கள். நடுவில் சறுக்கல் வந்தாலும், நிலைபெற்ற பிறகு உற்பத்தி கூடியது, சேதாரம் குறைந்தது.

யார்க்‌ஷையர் சுரங்கத்தில் பார்த்தது அகமதாபாத் தறிக்கு எப்படி வந்தது? ரைஸ் அந்தக் கட்டுரையை அஞ்சலில் வாங்கிப் படித்துவிட்டு வரவில்லை. ஒரே கட்டடத்தில் டிரிஸ்ட்டோடு உட்கார்ந்து பேசிய ஆள். சாராபாய்களுக்கும் டாவிஸ்டாக்குக்கும் பழக்கம் இருந்தது. வலையமைப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

கரிசல்காட்டான்

தறிநாடா அண்ணா, மிக்க நன்றி. 30, 50, 70 கணக்கை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அது தொழிற்சாலைக் கதை. அலுவலகம், கணினி என்று மம்ஃபோர்ட் பக்கம் வருவது எப்படி?

நூலகத்து எலி

அந்தப் பகுதி எனக்குப் பிடித்தது, நான் எழுதுகிறேன்.

ஐஃபிப் என்பது தகவல் செயலாக்கத்துக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு. யுனெஸ்கோ 1959-இல் பாரிஸில் நடத்திய கணினி மாநாட்டைத் தொடர்ந்து 1960-இல் உருவானது. நாடுகளின் கணினிச் சங்கங்கள் அதில் உறுப்பினர். உள்ளே தொழில்நுட்பக் குழுக்கள், அவற்றுக்குக் கீழே பணிக்குழுக்கள். தொடக்கத்தில் எல்லாம் நிரல் மொழி, கணக்கீடு என்று சுத்தமான கணினி விஷயம்.

1974-இல் வியன்னாவில் மனிதத் தேர்வும் (சாய்ஸ்) கணினியும் பற்றி ஒரு மாநாடு. அதன் தொகுதியை ஹெரால்ட் சாக்மனோடு சேர்ந்து பதிப்பித்தவர் மம்ஃபோர்ட். அடுத்த இரண்டு ஆண்டில் கணினியும் சமூகமும் என்பதற்கு ஐஃபிப்பில் தனித் தொழில்நுட்பக் குழுவே வந்துவிட்டது, அதுதான் 9-ஆம் குழு. தகவல் அமைப்புகளுக்கான 8-ஆம் குழுவும் அதே 1976. அதற்குக் கீழே, தகவல் அமைப்பும் நிறுவனமும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதைப் பார்க்க 8.2 பணிக்குழு.

1984 செப்டம்பர் 1 முதல் 3 வரை 8.2 குழு மம்ஃபோர்டின் சொந்த இடமான மான்செஸ்டர் பிசினஸ் ஸ்கூலில் கூடியது. எடுத்துக்கொண்ட விஷயம் ஆய்வு முறை. கேட்டால் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் துறைக்காரர்கள் இன்றும் பேசுவது அந்தக் கூட்டத்தைத்தான். கருதுகோள், கேள்வித்தாள், புள்ளியியல் என்ற பாதை ஒன்றுதான் அறிவியலா? ஒரு அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, அங்குள்ளவர்கள் தங்கள் வேலையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதினால் அது ஆய்வாகுமா? ஆகும் என்று சொன்னவர்களுக்கு ஒரு மேடை கிடைத்தது. தொகுதியைப் பதிப்பித்தவர்கள் மம்ஃபோர்ட், ஹிர்ஷ்ஹைம், ஃபிட்ஸ்ஜெரால்ட், வுட்-ஹார்பர்.

அந்த மேடை ஏன் தேவைப்பட்டது என்று ஒரு எண் சொல்கிறேன். ஆர்லிகோவ்ஸ்கியும் பரூடியும் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், 1983 முதல் 1988 வரை அமெரிக்காவின் முன்னணி இதழ்களிலும் மாநாட்டுத் தொகுதியிலும் வந்த 155 தகவல் அமைப்புக் கட்டுரைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். 96.8 சதவீதம் நேர்க்காட்சிவாத வகை, அதாவது மேலே சொன்ன கருதுகோள், புள்ளியியல் பாதை. கேன்டீனில் வேலை பார்த்து ஆய்வு செய்யும் மம்ஃபோர்ட் பாணிக்கு மிச்சம் இருந்தது 3.2 சதவீதம். அந்தப் பாணியில் எழுதிய இளம் ஆய்வாளர் ஒருவர் கட்டுரை அனுப்பினால், அதைப் படித்து மதிப்பிடக்கூடிய ஆட்கள் எங்கே இருந்தார்கள்? 8.2-இல் இருந்தார்கள். தேர்வுக் குழுவுக்குப் பெயர் சொல்ல, மதிப்புரை எழுத, வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தர ஆள் கிடைத்தது அங்கேதான்.

ஆகவே கரிசல்காட்டானுக்கு என் பதில்: குழு இல்லாவிட்டாலும் மம்ஃபோர்ட் அதே மம்ஃபோர்ட்தான். அவருக்கு அடுத்த தலைமுறை வந்திருக்காது.

ஒரு கொசுறு. தகவல் அமைப்புத் துறையில் வாழ்நாள் சாதனைக்குக் கொடுக்கும் லியோ விருது 1999-இல் தொடங்கியது. முதல் ஆண்டு பெற்றவர்களில் மம்ஃபோர்டும் ஒருவர். விருதின் பெயர் எதிலிருந்து வந்தது தெரியுமா? லண்டனில் டீக்கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி 1951-இல் தன் கணக்கு வழக்குக்காகத் தானே கட்டி ஓட்டிய கணினியின் பெயர் அது. அலுவலக வேலைக்குக் கணினியை முதலில் கொண்டுவந்தது டீயும் பன்னும் விற்ற கம்பெனி!

சந்தேகப்பிராணி

எலியார் அழகாக எழுதிவிட்டார். விருது, மேடை, பரிந்துரைக் கடிதம். நான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்? ஒருவருக்கொருவர் மதிப்புரை எழுதிக்கொள்ளும் சங்கம். 3.2 சதவீதக்காரர்களுக்கு ஒரு சங்கம், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, எதிக்ஸ் முறை என்ன ஆனது? எத்தனை கம்பெனி இன்று குமாஸ்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து மென்பொருள் வடிவமைக்கிறது? 1990-களில் வணிகச் செயல்முறை மறுசீரமைப்பு என்று, கம்பெனியின் வேலை முறையையே அடியோடு மாற்றும் ஒரு அலை வந்தது, ஆட்குறைப்பு வந்தது, மேலிருந்து உத்தரவு வந்தது. பங்கேற்பு வடிவமைப்பு ஓரமாகப் போனது. மம்ஃபோர்டே 2006-இல் வந்த தன் கடைசிக் கட்டுரை ஒன்றில் இந்த மரபின் வெற்றி, தோல்வி இரண்டையும் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார். உலகம் முழுக்க வலை விரித்திருந்தவர்களால் அந்த அலையை ஒரு அங்குலம் நகர்த்த முடிந்ததா?

இரண்டாவது, அந்த மேடைக்கு யார் போக முடியும்? பதிவுக் கட்டணம் யூரோவில், தங்குமிடம், விசா, ஆங்கிலம். நம் ஊரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் தன் சம்பளத்தில் போய்ப் பார்க்கட்டும். போனவர் திரும்பி வந்து காட்டுவது ஒரு சான்றிதழும் கழுத்தில் மாட்டிய அட்டையோடு ஒரு படமும்.

தறிநாடா

கட்டணம் பற்றிச் சொன்னது நியாயம். அதை மறுக்கவில்லை.

பழைய லெட்ஜர்

நான் பேராசிரியர் இல்லை. பொதுத்துறை வங்கி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவன். ஐரோப்பிய வங்கி ஆய்வு என்று தம்பி எழுதியிருந்ததால் ஆர்வம் வந்தது. எலி ஐயா அதைப் பற்றிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்திய வங்கிகளில் கணினி தொடர்பாக 1983 செப்டம்பரில் வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு வங்கிகளில் கணினி பற்றிய ரங்கராஜன் குழு அறிக்கை. சங்கத்தில் நாங்கள் போராடியதெல்லாம் எத்தனை இயந்திரம், எந்தக் கிளையில், ஆள் குறையுமா, படி உண்டா என்பதற்குத்தான். அதில் தவறில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் அந்த இயந்திரத்தில் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சங்கமும் கேட்கவில்லை, நிர்வாகமும் கேட்கவில்லை.

எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின், அதாவது பேரேட்டில் கணக்குப் பதியும் இயந்திரம், வந்தது. பழைய பேரேட்டில் வாடிக்கையாளர் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதிவைப்போம். "கையெழுத்து மாறியிருக்கிறது, அட்டையைப் பார்", "மகன் வந்தால் கொடுக்காதே", "பென்ஷன் 1-ஆம் தேதி வராவிட்டால் பெரியவர் வந்து நிற்பார்" இப்படி. இயந்திரத்தில் ஓரமே கிடையாது. பெயர், எண், தொகை, தேதி. என்ன செய்தோம்? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கவுண்டருக்குக் கீழே வைத்துக்கொண்டோம். தணிக்கை வந்தால் நோட்டு மேசை டிராயருக்குள் போய்விடும். மம்ஃபோர்ட் போல யாராவது ஒருவர் வந்து எங்களோடு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் அந்த நோட்டைப் பார்த்திருப்பார்.

நூலகத்து எலி

பழைய லெட்ஜர் ஐயா, அந்த நோட்டைப் பற்றி நீங்கள் தனி இழையே தொடங்கலாம்.

எதிக்ஸ் முறையில் முதல் வேலையே அந்த நோட்டைத் தேடுவதுதான். வடிவமைப்புக் குழுவில் ஊழியர்களே உட்கார்ந்து, தங்கள் வேலையில் எது எங்கே ஒழுங்கு தப்புகிறது, எந்த இடத்தில் எப்போதும் சிக்கல் வருகிறது, அதை யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பட்டியல் போடுவார்கள். டாவிஸ்டாக் சுரங்க ஆய்வுக் காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. கூடவே ஒவ்வொருவரிடமும் வேலைத் திருப்தி பற்றிக் கேள்வி: உங்கள் அறிவுக்கு வேலை இருக்கிறதா, முடிவெடுக்க இடம் இருக்கிறதா, இங்கே நடக்கும் முறை உங்கள் மனத்துக்கு நியாயமாகப் படுகிறதா என்ற மாதிரி. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் கணினித் திரையில் என்ன வரவேண்டும் என்ற பேச்சு தொடங்கும்.

வங்கி ஆய்வு விஷயம். மம்ஃபோர்ட் 1960-களிலேயே வங்கிகளில் கணினி நுழைவதைப் பார்த்தவர். பிறகு டென்மார்க்கின் நீல்ஸ் பியோர்ன்-ஆண்டர்சன், ஸ்வீடனின் போ ஹெட்பெர்க் முதலியோரோடு சேர்ந்து பல நாட்டு வங்கிகளை ஒப்பிட்டார்கள். முடிவுகள் 1979-இல் புத்தகமாக வந்தன. ஒப்பிட்டால்தான் ஒரு விஷயம் பிடிபடும். வேலை தொழில்நுட்பத்தால்தான் இப்படி ஆனது என்று ஒவ்வொரு வங்கியும் சொல்லும். பக்கத்து நாட்டு வங்கியில் ஏறக்குறைய அதே கணினியோடு வேலை வேறு விதமாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அந்தச் சாக்கு நிற்காது. ஒரு ஊரில் உட்கார்ந்த ஒரு பேராசிரியரால் அதைச் செய்ய முடியாது. சந்தேகப்பிராணி, இது மதிப்புரைச் சங்கம் செய்கிற வேலை இல்லையே.

அந்தப் பியோர்ன்-ஆண்டர்சன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1988-இல் புது தில்லியில் வளரும் நாடுகளில் தகவல் அமைப்புகள் பற்றி ஐஃபிப் மாநாடு நடந்தது. அதன் தொகுதியைப் பதிப்பித்த இருவர், அகமதாபாத் ஐஐஎம்-இன் சுபாஷ் பட்நாகரும் அவரும். அடுத்த ஆண்டே வளரும் நாடுகளுக்கென்று 9.4 பணிக்குழு உருவானது. அதன் மாநாடுகள் கெய்ரோ, பாங்காக், பெங்களூரு, காத்மாண்டு என்று நம் பக்கத்து ஊர்களில் நடந்தன. 2015-இல் நீர்கொழும்பு. கட்டணம் கூட என்பது உண்மைதான், ஆனால் மேடை மான்செஸ்டரிலேயே நின்றுவிடவில்லை.

வடலி

நீர்கொழும்பு என்றதும் எட்டிப் பார்த்தேன். இலங்கையில் சுகாதாரத் தகவல் துறையோடு வேலை செய்கிறவன் நான். உங்கள் விவாதத்தில் விடுபட்ட ஒரு கிளை இருக்கிறது, அது ஒஸ்லோவில் முளைத்தது.

நோர்வேயின் கிறிஸ்டன் நைகார்டைக் கணினிக்காரர்கள் சிமுலா என்ற நிரல் மொழிக்காக அறிவார்கள். ஒலே-யோஹான் டாலும் அவரும் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதை 2001-ஆம் ஆண்டுக்குப் பெற்றார்கள். அதே மனிதர் 1970-இல் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதில் ஒரு விசேஷமான ஏற்பாடு: அறிக்கை எழுதி முடித்தால் ஆய்வு முடிந்துவிடாது, தொழிற்சங்கம் தானே எடுக்கிற நடவடிக்கைகள்தான் ஆய்வின் முடிவாகக் கணக்கெடுக்கப்படும். நிர்வாகமும் ஊழியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சமரசமாகப் பேசுவது மம்ஃபோர்ட் வழி. ஸ்கண்டிநேவியக்காரர்கள் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். மேசையைப் போட்டது நிர்வாகம் என்றால் எதைப் பேசலாம் என்பதையும் நிர்வாகம்தான் தீர்மானிக்கும் என்பது அவர்கள் வாதம். சங்கத்துக்குச் சொந்தமாக அறிவு வேண்டும், பிறகு பேச்சுவார்த்தைக்குப் போகலாம். எனக்கு இதுவே கூடச் சரியாகப் படுகிறது. பழைய லெட்ஜர் ஐயாவின் சங்கத்திடம் 1983-இல் அப்படி ஓர் ஆய்வு இருந்திருந்தால் பேச்சு இயந்திர எண்ணிக்கையோடு நின்றிருக்காது.

அந்த மரபில் வந்தவர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் யோர்ன் ப்ரா. நிறவெறி ஆட்சி முடிந்த 1994-இல் தென்னாபிரிக்காவில் கேப் டவுன் பக்கம் சுகாதாரத் தகவல் அமைப்பு வேலையைத் தொடங்கினார்கள். நிறத்துக்கு ஒரு நிர்வாகம் என்று பிரிந்து கிடந்த சிகிச்சை நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு படிவம். முதலில் செய்தது, எந்தத் தரவு உண்மையில் தேவை என்று சிகிச்சை நிலைய ஆட்களோடு உட்கார்ந்து குறைத்தது. மென்பொருள் அப்புறம். 2000-இல் இந்தியா, ஆந்திராவின் குப்பம். 2006-இல் அந்தச் சுகாதாரத் தகவல் மென்பொருளின் இணையவழிப் புதிய பதிப்பான டிஎச்ஐஎஸ்2 முதலில் ஓடத் தொடங்கியது கேரளாவில். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சுகாதார அமைச்சுகள் அதைப் பயன்படுத்துகின்றன. திறந்த மூலம், உரிமக் கட்டணம் இல்லை.

ப்ரா, எரிக் மொன்டெய்ரோ, சுந்தீப் சஹாய் மூவரும் 2004-இல் எழுதிய கட்டுரையின் வாதம் இந்த இழைக்கே எழுதியது போல இருக்கும். ஒரு மாவட்டத்தில் ஒரு முன்னோடித் திட்டம் செய்தால், ஆய்வாளர் கிளம்பியதும் அது செத்துப்போகும். பல இடங்களில் ஒரே நேரத்தில் செய்து, ஓரிடத்தில் கற்றதை அடுத்த இடத்துக்குக் கொடுத்து, உள்ளூர் ஆட்களைப் பயிற்றினால்தான் தாக்குப்பிடிக்கும். ஆய்வுக்குப் பிறகு வலையமைப்பு என்பதில்லை. வலையமைப்பாகத்தான் ஆய்வே நடக்க வேண்டும்.

எங்கள் அனுபவம் 2020 ஜனவரி. சீனாவிலிருந்து வரும் பயணிகளைப் பதிய வேண்டும் என்ற தேவை திடீரென்று வந்தது. சுகாதார அமைச்சோடு சேர்ந்து இங்குள்ள குழு டிஎச்ஐஎஸ்2-இல் விமான நிலையப் பதிவுக்கான அமைப்பைச் சில நாட்களில் உருவாக்கியது. அதை ஒஸ்லோவோடு பகிர்ந்து மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. அது எப்படிச் சாத்தியமானது? கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் உயிர்மருத்துவத் தகவலியல் முதுநிலைப் படிப்பு பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. படித்தவர்கள் வைத்தியர்கள். வார்ட்டையும் தெரியும், மென்பொருளையும் தெரியும், ஒஸ்லோவில் யாரைக் கேட்பது என்றும் தெரியும். அந்தக் கிழமையில் போய் வலையமைப்பு கட்டியிருக்க முடியாது.

சந்தேகப்பிராணி

வடலி எழுதியதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கவனியுங்கள், தறிநாடா சொன்னதும் வடலி சொன்னதும் வேலைக்கான வலையமைப்பு. அங்கே தறி இருக்கிறது, சிகிச்சை நிலையம் இருக்கிறது. எலியார் சொன்ன 8.2 பேச்சுக்கான வலையமைப்பு. இரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டாதீர்கள். கரிசல்காட்டானின் நெறியாளர் அவரை எதற்கு அனுப்பப் பார்க்கிறார்?

நூலகத்து எலி

பிரிப்பது சரி. ஆனால் அவ்வளவு சுலபமாகப் பிரியாது. ப்ரா, மொன்டெய்ரோ, சஹாய் எழுதிய அந்த 2004 கட்டுரை வெளிவந்த இதழ் துறையின் முன்னணி இதழ். களத்தில் இறங்கி, தானும் கை வைத்துச் செய்துவிட்டு எழுதும் செயலாய்வை 1980-களில் அப்படி ஓர் இதழ் எளிதில் வாங்கியிருக்குமா? மான்செஸ்டர் 1984-இல் பேசியவர்கள் இருபது ஆண்டு பேசிப் பேசித்தான் அந்தக் கதவு திறந்தது. அதே 2004-இல் 8.2 குழு மறுபடி மான்செஸ்டரில் கூடி, இருபது ஆண்டில் என்ன ஆனது என்று திரும்பிப் பார்த்ததும் உண்டு.

பேச்சும் வேலையும் மம்ஃபோர்டிடமே கலந்துதான் இருந்தன. 1980-களில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பெனி, விற்பனையாளர்கள் கணினிக்கான பாகங்களைச் சரியாகத் தேர்ந்து ஆர்டர் எழுத உதவும் எக்ஸ்செல் என்ற நிபுணர் அமைப்பைக் கட்டியபோது, விற்பனையாளர்களையே வடிவமைப்பில் உட்காரவைக்க அவர் உதவினார். இங்கிலாந்தில் குமாஸ்தாக்களிடம் செய்து பார்த்ததை அங்கே, செயற்கை நுண்ணறிவு என்று அன்று பெரிதாகப் பேசப்பட்ட ஒன்றில் செய்தார்.

கரிசல்காட்டான்

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சந்தேகப்பிராணி அண்ணா கேட்டதற்குப் பதில்: நெறியாளர் அனுப்பப் பார்ப்பது மாநாட்டுக்கு. ஆனால் என் ஆய்வுக்களம் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகம், அங்கே இன்னும் முழுதாகப் போய் உட்காரவில்லை. முதலில் அங்கே உட்காருவது, மாநாட்டுச் சுருக்கம் அப்புறம் என்று நெறியாளரிடம் பேசிப் பார்க்கிறேன். பழைய லெட்ஜர் ஐயா, உங்களைத் தனிமடலில் தொடர்புகொள்ளலாமா? கவுண்டருக்குக் கீழே இருக்கும் நோட்டை எப்படிக் கேட்டால் காட்டுவார்கள் என்று தெரிய வேண்டும்.

பழைய லெட்ஜர்

தாராளமாக. முதல் வாரம் கேட்கவே கேட்காதீர்கள். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும், அன்று ராத்திரி அவர்களோடு நீங்களும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். நோட்டு தானாக மேசைக்கு வரும்.

சந்தேகப்பிராணி

தறிநாடா, ஒரு பாக்கி இருக்கிறது. அகமதாபாத் தறிக் குழுக்கள் கடைசியில் என்ன ஆயின? வெற்றிக் கதையைச் சொல்லிவிட்டு நழுவிவிட்டீர்கள்.

தறிநாடா

நழுவவில்லை சார், யாராவது கேட்கட்டும் என்று விட்டேன்.

டாவிஸ்டாக்கிலிருந்தே எரிக் மில்லர் 1970-இல் அகமதாபாத் போய்ப் பார்த்தார், 1975-இல் எழுதினார். ஒரு கூடத்தில் குழு முறை ஏறக்குறைய ரைஸ் விட்டுப்போன மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் அது தானியங்கித் தறி இல்லாத கூடம். முதலில் பெயர் வாங்கிய தானியங்கித் தறிப் பக்கம் வேலை பெருமளவு பழையபடி தனித்தனி ஆளுக்கு என்று திரும்பியிருந்தது.

இது என் மில் அனுபவத்தில் சொல்வது, மில்லர் எழுதியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: சந்தை மாறும், நூல் ரகம் மாறும், துணி ரகம் அடிக்கடி மாறும். அந்த இடியை மேலே உள்ளவர்கள் தாங்கிக்கொண்டால் கீழே குழு நிம்மதியாக ஓட்டும். மேலே தாங்காமல் அப்படியே கீழே தள்ளினால் மேஸ்திரி வந்து ஆளை இங்கிருந்து அங்கே மாற்றுவார், இரண்டு மாதத்தில் குழு காணாமல் போகும். எங்கள் மில்லில் ரகம் மாற்றும் நாளில்தான் எல்லாச் சண்டையும் வரும்.